ஒன்பது மணி மூலை

அறையைக் காலி செய்துவிட்டுக் கை தட்டினேன்.
சில்லறை கொட்டியதுபோல் ஒரு சரசரப்பு.
ஒரு தட்டுக்குப் பதினைந்து பதில்.
எதிரெதிர்ச் சுவர் இரண்டும்
ஒன்றையொன்று பேசவிடாமல் பேசும்
சொத்துத் தகராற்று அண்ணன் தம்பி.

ஜெலுத்தோங், பதினொன்றாம் மாடி.
பத்துக்குப் பத்தரை அடி.
இசைக்குச் சதுரம் ஆகாது என்றார்கள்.
சதுரத்துக்குத்தான் வங்கி கடன் கொடுத்தது.

பகலெல்லாம் மருத்துவமனையில்
காது சோதிக்கும் பெட்டிக்கு வெளியே உட்கார்ந்திருப்பவள் நான்.
அதற்குள் விழுந்த ஒலி எழுவதில்லை.
தன் இரத்தம் ஓடுவது கேட்டுப் பயந்து
கதவைத் தட்டியவர்கள் உண்டு.
அப்படியொன்று வீட்டில் வேண்டாம்.
சொன்னதையே திருப்பித் திருப்பிச் சொல்லாமல்,
விழுங்கியும் விடாமல்
ஓர் அறை போதும்.

முட்டை அட்டை ஒட்டு என்றான் தம்பி.
முட்டை அட்டை முட்டைக்கு நல்லது.
இலவம்பஞ்சு மெத்தையை நிமிர்த்தி வை என்றார் மாமியார்.
உண்மையில் அது அவ்வளவு மோசமில்லை.
கடைசியில் ராக்வூல்.
பட்டர்வொர்த்தில் கூரை போடுகிறவரிடம் வாங்கிய
பன்னிரண்டு பலகைகளைப்
பின்சீட்டில் நோயாளிகளாய்ப் படுக்கவைத்துப்
பாலம் கடந்தோம்.
இரண்டு நாள் முழங்கை அரித்தது.

துணிக்கு மார்க்கெட் ஸ்ட்ரீட்.
ஒவ்வொன்றையும் வாயருகே பிடித்து ஊதினேன்.
மூச்சு போகிற துணியில்தான் இசையும் போகும்.
"சேலைக்கா, திரைக்கா அக்கா?"
"சுவருக்கு."
சிக்கந்தர் பாய் அளவுகோலைக் கீழே வைத்தார்.
சற்றுப் பொறுத்து
அவரும் ஒன்றை எடுத்து ஊதிப் பார்த்தார்.

ஞாயிறு, கண்ணாடி வேலை.
நான் நாற்காலியில்.
சத்தியசீலன் குளியலறைக் கண்ணாடியைச்
சுவரோடு ஒட்டி நகர்த்திக்கொண்டே போனார்.
மின்விசிறி தெரிந்தது.
காயப்போட்ட என் சீருடை,
பாலத்தில் ஒரு துண்டு,
அவருடைய கட்டைவிரல்.
"இப்ப?"
"இன்னும் கொஞ்சம்."
"இப்ப?"
ஒலிபெருக்கி தெரிந்த இடத்தில்
பென்சிலால் ஒரு பெருக்கல் குறி.
கண்ணாடியைப் பிடித்தவருக்கு அதில் ஒன்றும் தெரியாது.
என் வாய்ச்சொல்லை நம்பி நின்றார்,
இரண்டு மணி நேரம்.

மூலைகள் கடைசி.
மிருதங்கத்தின் தொப்பி 'தோம்' என்னும்போதெல்லாம்
கிழக்கு மூலை அதைப் பிடித்து வைத்து
யானையாக்கி அனுப்பிக்கொண்டிருந்தது.
தரையிலிருந்து கூரைவரை அடைத்தோம்.

அன்றிரவு ஒன்பது மணிக்கு
தோம், தோமாக மட்டும் வந்தது.
தோலைவிட்டு விரல் எழுவது கேட்டது.
பாடத் தொடங்குமுன் பாடகி எச்சில் விழுங்கினாள்.
நான்காவது வரிசையில் யாரோ இருமினார்,
இத்தனை வருடம் நான் கேட்டே இராதவர்.
சத்தியசீலன் தூங்கிப்போனார்.
அதுவும் துல்லியமாய்க் கேட்டது.

ஐந்தாம் நாள், மின்தூக்கியில்
பக்கத்து வீட்டு மேடம் கூ,
கைத்தடியை ஊன்றி மலாயில் கேட்டார்:
"சம்பல் இடிப்பதை நிறுத்திவிட்டாயா?"
எனக்கு விளங்கவில்லை.
"தினமும் ஒன்பதுக்கு இடிப்பாயே, டும் டும் என்று.
என் தலைமாடு அந்த மூலையில்தான்.
இடி கேட்டதும் இரத்த அழுத்த மாத்திரை.
இந்த வாரம் இரண்டு நாள் மறந்துவிட்டேன்."
மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்,
எதற்கென்று தெரியாமல்.
"அத்தனை வருடம் இடித்தாய்,
ஒரு கிண்ணம் தந்ததில்லை நீ."
கதவு திறந்தது. இறங்கிப் போனார்.

கைபேசியில் அலாரம் வைத்துக் கொடுத்தேன்.
கோழி கத்துவதுபோல் இருக்கிறதென்று அணைத்துவிட்டார்.

இப்போது கிழக்கு மூலைப் பலகைகளுக்கு
அடியில் நான்கு சக்கரம்.
ஒன்பது மணிப் பாட்டுக்கு மூலையைத் திறந்துவைக்கிறேன்.
யானை போய்ச் சேரட்டும்.
பிறகு உருட்டி அடைத்துவிட்டு
இருமுகிறவரோடு மீதியைக் கேட்கிறேன்.

சனிக்கிழமை,
பதினெட்டு மிளகாய், சுட்ட பெலாச்சான்,
கல்லுரலில் நிஜமாகவே சம்பல் இடித்து
கிண்ணத்தோடு போய்க் கதவைத் தட்டினேன்.
அந்த இடி
அவருக்குக் கேட்கவேயில்லையாம்.